அக்காள் வராத வடநாட்டுப் பயணம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் இப்போதெல்லாம் இரண்டே பேச்சுதான். ஒன்று முழங்கால் வலி, இன்னொன்று டூர். பிள்ளைகள் விமானத்தில் டிக்கெட் போட்டு அனுப்புகிறார்கள். நீங்களும் போய்ப் பார்த்துவிட்டு வந்து செல்போனில் படம் காட்டுகிறீர்கள். தாஜ்மகாலுக்கு முன்னால் நிற்கிற படம், கங்கையில் படகில் உட்கார்ந்திருக்கிற படம். காட்டி முடித்ததும், "நீங்க எங்கயும் போறதில்லையா?" என்று என்னைக் கேட்பீர்கள். சிரித்து மழுப்பிவிடுவேன். ஒரு தடவையாவது மழுப்பாமல் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. நீங்கள் இப்போது பார்க்கிற ஊர்களை எல்லாம் நான் பத்து வயதிலேயே பார்த்துவிட்டேன், ஒரே கோடை விடுமுறையில். அதற்குப் பிறகு ஊர் பார்க்கப் போக எனக்கு மனம் வரவில்லை.

அப்போது எங்கள் குடும்பம் தாராவியில் இருந்தது. சைனா சண்டை முடிந்து இரண்டொரு வருஷம் ஆகியிருக்கும். எங்கள் சந்தில் முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். கிடங்குகளில் உப்புப் போட்டு அடுக்கிய தோலின் வாடை வீட்டுக்குள் வந்து சோற்றிலும் துணியிலும் ஏறிக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. மாதுங்காவில் ஒரு பாட்டுப் போட்டிக்குப் போயிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்த பெண் மெல்லத் தள்ளி உட்கார்ந்தாள். எங்கள் துணியில் ஒரு வாடை இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீடு என்பது ஒரே அறை. நடுவில் கயிறு கட்டிச் சேலை ஒன்றைத் தொங்கவிட்டு அதை இரண்டாக ஆக்கியிருந்தோம். அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, அக்காள், நான், தம்பி. இத்தனை பேரும் அதற்குள்தான். அத்தை சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தாய் தகப்பன் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் அப்பாதான் அவளை வளர்த்தார். அத்தைக்கு அப்போது வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அக்காளுக்குப் பதினைந்து வயது. குழந்தையாக இருந்தபோது ஒரு காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிவிட்டது. போலியோ என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சந்தில் யாருக்கும் அந்த வார்த்தை பிடிபடவில்லை. "கால் விளங்காத பிள்ளை" என்றே சொன்னார்கள். இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த ஒரு பூட்ஸைத் தொடைவரை கட்டிக்கொண்டுதான் அவள் நடப்பாள். அவள் சந்துக்குள் திரும்பும்போதே அந்தக் கம்பியின் கிறீச்சொலி எங்களுக்குக் கேட்டுவிடும். அம்மா உடனே அடுப்பில் தண்ணீர் வைப்பாள். பூட்ஸைக் கழற்றியதும் வார் அழுத்திய இடமெல்லாம் வெந்நீர் ஒற்றடம் கொடுக்க வேண்டும்.

ரயில்வேக்காரர்களுக்குக் குடும்பத்தோடு போய்வர இலவசப் பாஸ் உண்டு. எங்கள் பாஸ் எல்லாம் ஊர்க் கல்யாணத்துக்கும் சாவுக்குமே போய்க்கொண்டிருந்தது. அப்படிப் போகும்போது அப்பா அக்காளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பாலம் ஏறுவார். கூலிக்காரர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். அந்த வருஷம் ஜனவரி மாதம் ஒரு நாள், இந்தத் தடவை ஊருக்குப் போகவில்லை, வடநாடு முழுக்கச் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று அப்பா சொன்னார். டெல்லி, ஆக்ரா, காசி, கல்கத்தா, பூரி, அங்கிருந்து மதராஸ் வழியாகப் பம்பாய். தாராவியை விட்டால் குர்லா, குர்லாவை விட்டால் சொந்த ஊர் என்று இருந்த எங்களுக்கு அது சந்திரனுக்குப் போகிற மாதிரி இருந்தது.

அக்காள் அன்றைக்கே அட்லசை எடுத்துவிட்டாள். அட்டை கிழிந்த பள்ளிக்கூட அட்லஸ் அது. அப்பா ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு பழைய ரயில்வே டைம் டேபிளைக் கொண்டுவந்து கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடுப்பங்கரை ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்து இரண்டையும் விரித்துக்கொள்வாள். எந்த வண்டியில் ஏறினால் பகலில் மலையைப் பார்க்கலாம், எந்த ஊரில் இறங்கிக் குளிக்கலாம், தம்பி அழுதால் எங்கே பால் கிடைக்கும் என்று அவளே எல்லாம் யோசித்தாள். சாயங்காலங்களில் என்னையும் தம்பியையும் கோதுமைச் சாக்கில் வரிசையாக உட்கார வைத்து ரயில் ஓட்டுவாள். இப்போது இடது பக்கம் பார், நர்மதை ஆறு என்பாள். நாங்கள் இடது பக்கம் திரும்பினால் அங்கே மண்ணெண்ணெய் டின் இருக்கும். ஆனாலும் எங்களுக்கு ஆறு தெரிந்தது.

அப்பா வேலை முடிந்து வந்து அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் தான் போட்ட திட்டம் மாதிரிச் சொல்வார் போலிருக்கிறது. உடன் வேலை பார்க்கிறவர்கள் தங்கள் பயணத்துக்கும் வழி கேட்டு வீட்டுக்கு வருவார்கள். அப்பா அக்காளைக் கூப்பிட்டு, அவர்களுக்குச் சொல்லு என்பார். அவர் முகத்தில் அப்போது பெருமை இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் அதற்குப் பிறகு நடந்ததை இன்றுவரை என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

அப்பா வடநாட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. எங்கள் வேதக்கோயில் உபதேசியார் அத்தைக்கு ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். பாளையங்கோட்டைப் பக்கத்துக் குடும்பம், டெல்லியில் குடியிருப்பு. மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை. பெண்ணை டெல்லிக்கே அழைத்துவந்து காட்டினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் அத்தைக்கு இரண்டு வரன்கள் வந்து போயிருந்தன. ஒன்று குர்லாவிலிருந்து வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பள்ளிக்கூடம் விட்டு அக்காள் உள்ளே வந்தாள். பூட்ஸைப் பார்த்தார்கள், கால் பிறவியிலேயே இப்படியா என்று கேட்டார்கள். அப்புறம் அவர்கள் வரவேயில்லை. அடுத்ததும் ஏறக்குறைய அப்படித்தான்.

அப்பாவின் அண்ணனான பெரியப்பா செம்பூரில் இருந்தார். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து, உபதேசியாரையும் கூட்டிவைத்துப் பேசினார். சேலைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தேன். அக்காள் குழாயடிக்குப் போயிருந்தாள். டெல்லிக்காரர்கள் உடம்புக் கூறு பற்றி ரொம்ப விசாரிப்பார்கள் என்று உபதேசியார் சொன்னார். அக்காளைச் செம்பூரில் விட்டுவிட்டுப் போகலாம், பெரியம்மாவுக்கும் கைக்கு உதவியாக இருக்கும் என்றார் பெரியப்பா. அம்மாதான் பேசினாள்.

"அவ இல்லாம நான் எங்கயும் வரல. டைம் டேபிள வச்சிக்கிட்டு மூணு மாசமா அவதான் கெடந்து படிக்கா."

"அப்ப என் தங்கச்சி இங்கனயே கெழவியாகட்டும்னு சொல்லுதியா?" என்று அப்பா கேட்டார்.

அம்மா எழுந்து என் பக்கம் வந்து தானும் பயறு பொறுக்கத் தொடங்கினாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அத்தையும் இருந்தாள். எல்லாம் அவள் காதிலும் விழுந்தது.

அக்காளிடம் வேறு காரணம் சொன்னார்கள். வடக்கே ஸ்டேஷன் எல்லாம் பெரிது, பாலம் ஏறி இறங்கி உன்னால் முடியாது, வெயிலில் வார் பட்டுக் கால் புண்ணாகிவிடும், அடுத்த வருஷம் உன்னை மட்டும் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று அப்பா சொன்னார். அக்காள் அதை நம்பினாள். அவள் அழவில்லை என்று சொன்னால் அது பொய். சேலைத் தடுப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். நோட்டில் எழுதியதை எல்லாம் எனக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"நல்லா கண்ணத் தொறந்து பாரு. தூங்கிறாத. வந்து ஒண்ணுவிடாம எங்கிட்டச் சொல்லணும், என்ன?"

சரி என்றேன். புறப்படுவதற்கு முந்தின நாள் அப்பா அவளையும் அவள் துணிப்பையையும் செம்பூரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

பாஸில் அக்காளின் பெயர் இருந்தது. அதை எழுதி வாங்கியபோது அவளும் வருவதாகத்தானே இருந்தது. இகத்புரிக்குப் பக்கத்தில் டிக்கெட் பரிசோதகர் வந்து பாஸைப் பார்த்து எங்களை எண்ணினார். ஒரு பெண் குறைகிறதே என்று இந்தியில் கேட்டார். அப்பா, "பீமார் ஹை, சாப்" என்றார். நோயாய் இருக்கிறாளாம். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வண்டியிலும் யாராவது ஒருவர் கேட்டார், ஒவ்வொருவரிடமும் அப்பா அதையே சொன்னார். இப்போது நினைத்துப் பார்த்தால், அக்காளின் பெயர் அந்தக் காகிதத்தில் ஏறி இந்தியா பூராவும் சுற்றிவிட்டு வந்தது. அக்காள் செம்பூரைத் தாண்டவில்லை.

நான் தூங்கவில்லை. நர்மதையைப் பார்த்தேன். கரி எஞ்சினின் தூள் கண்ணில் விழுந்து கண் சிவந்துபோனாலும் ஜன்னலை விடவில்லை. இடார்சியில் அம்மா ஒரு மண் கூஜா வாங்கினாள். அந்த ஊர்ப்பக்கம் அதைச் சுராஹி என்பார்கள். கழுத்து நீண்டு, மேலே சிவப்புக் கோடு போட்டிருக்கும். அதில் வைத்த தண்ணீருக்கு மழை பெய்த மண்ணின் ருசி இருக்கும். எங்கேயோ ஒரு ஸ்டேஷனில் இறங்கும் அவசரத்தில் அதைப் பெஞ்சுக்கு அடியிலேயே விட்டுவிட்டோம். அந்த ருசி இன்னும் எனக்கு நாக்கில் இருக்கிறது.

டெல்லியில் மாப்பிள்ளை வீடு ஒரு அரசாங்கக் குடியிருப்பில் இருந்தது. வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் குளிர்ச்சியாக வாசம் வந்தது. அத்தைக்கு அம்மா தன்னுடைய ஒரே பட்டுச் சேலையைக் கட்டிவிட்டிருந்தாள். எலுமிச்சைச் சர்பத் கொடுத்தார்கள். மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும்தான் விசாரித்தார்கள். எந்தச் சபை, எந்த ஊர், எத்தனை வருஷ சர்வீஸ், இதெல்லாம் முடிந்து மாப்பிள்ளையின் அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒங்களுக்குப் பிள்ளைய எத்தன?"

"ரெண்டு" என்றார் அப்பா. "இந்தா இருக்காவள்ளா, ரெண்டு பேரு."

அவர் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரிச் சொன்னார். அப்பா தவறாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்து நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த அத்தை என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மா எழுந்து, பிள்ளை தண்ணீர் கேட்கிறாள் என்று சொல்லி என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நான் தண்ணீர் கேட்கவில்லை.

பின்பக்கம் ஒரு சின்ன முற்றம். அங்கே வேப்பமரத்துக்கு அடியில் கயிற்றுக் கட்டிலில் ஒரு ஆள் கிடந்தார். இருபது வயது இருக்கலாம். கை கால்கள் முறுக்கிக்கொண்டு, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. மரத்தின் நிழல் நகர்ந்துபோய்ப் பாதி உடம்பு வெயிலில் கிடந்தது. என் தலையில் இருந்த சிவப்பு ரிப்பனைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார். எனக்குப் பயமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா எங்கள் பின்னாலேயே ஓட்டமாக வந்துவிட்டாள்.

"பக்கத்து வீட்டுப் பையன். அவிய வெளியூர் போயிருக்காவ, பாத்துக்கிடச் சொன்னாவ" என்றாள்.

அம்மா அந்த முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம், "பாவம்" என்று சொல்லிவிட்டு, எனக்குத் தண்ணீர்கூட வாங்காமல் உள்ளே திரும்பினாள்.

அது மாப்பிள்ளையின் தம்பி. கண்ணும் மூக்கும் அப்படியே மாப்பிள்ளையைப் போலவே இருந்ததை அம்மா அந்த நிமிஷமே கண்டுகொண்டாளாம். ரொம்ப வருஷங்களுக்குப் பிறகு என்னிடம் சொன்னாள். "அப்ப ஏன்மா கேக்கல?" என்றேன். "என் பிள்ளைய இல்லன்னு சொன்னத ஒக்காந்து கேட்டுட்டு வந்துருக்கேன். எந்த வாய வச்சிக்கிட்டுக் கேக்கச் சொல்லுத?" என்றாள்.

அன்றைக்கே கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். அப்பாவை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆக்ராவில் எங்களைக் குதிரை வண்டியில் ஏற்றினார். பேட்டா என்கிற பூசணிக்காய் மிட்டாயை வாங்கிக் கொடுத்தார். தாஜ்மகாலுக்கு முன்னால் செருப்பைக் கழற்றச் சொன்னதும் அம்மா, நான் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்வாருங்கள் என்று படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். காசுக்குச் செருப்பைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இருந்தார். ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. மேலே வெயிலில் அந்தச் சலவைக்கல் காலைச் சுட்டது. சுவரில் பதித்திருந்த பூக்களை அக்காளுக்காக விரலால் தடவித் தடவிப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் அப்பா ஒரு செருப்புக் கடைக்குள் நுழைந்தார். ஆக்ரா செருப்புக்குப் பேர் போன ஊர். ஜரிகைப் பூ வேலை செய்த, மூக்கு வளைந்த ஒரு ஜோடியைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அக்காளுக்கு என்றார். வலது கால் அளவைக் கையால் காட்டி வாங்கினார். இடது காலைப் பற்றி அவர் யோசிக்கவேயில்லை. அது கேலியும் இல்லை, கொடுமையும் இல்லை. மகளுக்கு அழகான ஒரு பொருள் வாங்க வேண்டும் என்ற ஆசைதான். பெற்ற தகப்பனுக்கு அது எப்படி மறந்துபோகும் என்று நீங்கள் கேட்கலாம். டெல்லியில் "ரெண்டு" என்று சொன்ன வாய் அதற்குள் அதை நம்பவும் தொடங்கிவிட்டதோ என்னவோ. அம்மா அந்தப் பொட்டலத்தை வாங்கித் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

காசியில் படித்துறையில் உட்கார்ந்து பிணம் எரிவதைப் பார்த்தோம். தம்பி பயந்து அழுதான். கல்கத்தாவில் அந்தப் பெரிய இரும்புப் பாலத்தில் நடந்தோம். அப்பா ஒவ்வொரு தூணையும் தட்டிப் பார்த்து, ஒரு ஃபிட்டரின் கண்ணோடு மெச்சிக்கொண்டே வந்தார். பூரிக் கடல் நம் கடல் மாதிரி இல்லை, இரைச்சலும் உயரமுமாக வந்தது. அத்தை முழங்கால் வரை நனைய நின்று சிரித்தாள். அவள் சிரித்தால் அழகாக இருப்பாள். எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டேன். பார்த்ததை எல்லாம் ஒவ்வொரு நாளும் மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக் கொண்டேன், அக்காளிடம் ஒப்பிக்க வேண்டுமே.

பம்பாய் வந்த மறுநாளே செம்பூர் போனோம். பெரியம்மா வீட்டில் அக்காள் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கை முழுக்க மிளகாய் விழுது. இளைத்திருந்தாள். பூட்ஸைக் கட்டாமல் தரையில் தவழ்ந்தே வேலை செய்து பழகியிருந்தாள். பூட்ஸ் சத்தம் பெரியம்மாவுக்குத் தலைவலி தருகிறதாம். அப்பா செருப்புப் பொட்டலத்தைக் கொடுத்தார். அவள் பிரித்துப் பார்த்து, "நல்லா இருக்குப்பா" என்று மடியில் வைத்துக்கொண்டாள். பெரியவர்கள் உள்ளே கல்யாணப் பேச்சுப் பேசப் போனதும் நான் தொடங்கினேன். நர்மதை, சுராஹி, கண்ணில் விழுந்த கரி. அவள் கையைக் கழுவக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். டெல்லி வந்தது.

"அவிய என்னையக் கேட்டாவளா?"

"பிள்ளைய எத்தனன்னு கேட்டாவ. அப்பா ரெண்டுன்னு சொன்னாவ."

"ரெண்டா?"

"ஆமா. நான் சொல்லப் போனேன். அத்தை கையப் பிடிச்சிக்கிட்டா."

அக்காள் கொஞ்ச நேரம் மிளகாய் காய்ந்துகொண்டிருந்த கையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "சரி, ஆக்ராவுக்கு எத்தன மணி வண்டில போனீய?" என்று கேட்டாள். நான் சொன்னேன். காசியையும் கல்கத்தாவையும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டாள். ஆனால் முதலில் கேட்ட மாதிரி இல்லை என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்தது.

இதற்காக அப்பா பிற்பாடு என்னை அடித்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். சொன்னது தப்பு என்று எனக்கு அன்றைக்கும் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் அப்பா அவளிடம் வந்து, கல்யாணம் முடியும்வரை நீ இங்கேயே இரு, டெல்லிக்காரர்கள் வந்துபோவார்கள் என்றார். அக்காள் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். உட்கார்ந்தபடி அதைச் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை போலும்.

"கல்யாணம் முடிஞ்சு அவிய வந்தா என்னப்பா சொல்லுவீய? ரெண்டு எப்பிடி மூணாச்சுன்னு கேப்பாவளே."

அப்பா தரையைப் பார்த்தார்.

"அண்ணன் மவள்னு சொல்லுவீயளோ?"

உண்மையில் அப்படித்தான் சொல்லுவதாகப் பெரியப்பாவும் அவரும் உள்ளே பேசி முடித்திருந்தார்கள்.

"அதுக்கு நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்" என்றாள் அக்காள். "அடிக்கடி மாத்திச் சொல்ல வேண்டாம்."

அவள் எங்கள் வீட்டுக்குத் திரும்பவேயில்லை. தாராவிக் கோயிலில் அத்தையின் கல்யாணம் நடந்தபோது அவள் செம்பூரில் இருந்தாள். டெல்லிக்காரர்களும் தங்கள் இரண்டாவது மகனைக் கூட்டிவரவில்லை. இரண்டு பக்கமும் ஒரு குறையும் இல்லாத குடும்பங்கள் என்று உபதேசியார் ஜெபத்தில் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்.

அத்தை முதல் தடவை டெல்லியிலிருந்து வந்தபோது எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஸ்டேஷனிலிருந்து நேரே செம்பூருக்குப் போனாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நான் அங்கே இருந்தேன். அத்தை நன்றாகக் கறுத்துப்போயிருந்தாள். அக்காளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். புருஷனின் தம்பிக்குச் சோறு ஊட்டுவதிலிருந்து துடைத்துவிடுவதுவரை இப்போது தன் வேலை, மாமியார் சாவியைக் கொடுக்கிற மாதிரி அவனைத் தன் கையில் கொடுத்துவிட்டாள் என்றாள். "ஒன்ன மறைச்சுத்தாண்டி என்னையக் குடுத்தாவ. கேக்கதுக்கு எனக்கு வாயில்லாமப் போச்சு" என்று அழுதாள். அக்காள் அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டவள் அத்தைதான் என்பதை அவள் மறந்திருக்க மாட்டாள். "அந்தப் பையன் பேரென்ன?" என்று மட்டும் கேட்டாள். அத்தை சொன்னாள். அவனை வெயிலில் போடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் அக்காள்.

பெரியம்மாவின் சமையலறையில் இருந்துகொண்டே அக்காள் மெட்ரிக் முடித்தாள். டைப்பிங் படித்தாள். செம்பூரிலேயே ஒரு கம்பெனி ஆபீசில் வேலை கிடைத்தது. பெரியப்பா போன பிறகு மாடியில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தாள். கல்யாணம் அவள் கேட்கவும் இல்லை, எங்கள் வீட்டில் யாரும் பேசவும் இல்லை. அம்மா வாரத்தில் பாதி நாள் அங்கே போய்விடுவாள். அப்பா ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து போவார். அக்காள் மரியாதையாகக் காப்பி கொடுப்பாள். ஆபீசைப் பற்றி அவர் கேட்பார், அவள் சொல்லுவாள். சண்டை போட்டிருந்தால்கூட எங்காவது முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

அப்பா ரிட்டயர் ஆனார். அதற்குப் பிறகும் ரயில்வேக்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு பாஸ் உண்டு. அம்மா இனி ரயிலில் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டாள், பார்த்த ஊர் போதும் என்றாள். தம்பிக்கு வேலை, எனக்குக் குடும்பம். வருஷா வருஷம் அந்தப் பாஸ் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவும் இறந்த பிறகு ஒரு நாள், என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அப்பா அக்காளின் அறைக்குப் போனார். மாடிப்படியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். உள்ளே போய் உட்கார்ந்ததும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"காஷ்மீர் பாக்கல நாம. இப்ப ஜம்மு வரைக்கும் வண்டி போவுது. ஸ்டேஷன்ல தள்ளுவண்டியெல்லாம் தாராவளாம். நீயும் நானும் போயிட்டு வருவமா?"

அக்காளின் தலையிலும் நரை வந்துவிட்டிருந்தது. அவள் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்ல லீவு கெடைக்காதுப்பா" என்றாள்.

அவளுக்கு எக்கச்சக்கமாக லீவு கிடந்தது. அவள் லீவே எடுக்காதவள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். "அதுஞ்சரிதான்" என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார். என்னை இருந்துவிட்டு வரச் சொல்லி, தனியாகவே படி இறங்கினார்.

அக்காள் கைத்தடியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். கீழே செம்பூர் ரோட்டில் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அப்பா ரோட்டோரம் நின்று, ஒரு அடி வைத்து, பின்வாங்கி, மறுபடி நின்றார். அக்காளின் ஒரு கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. யாரோ ஒருவர் அவர் முழங்கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். அவர் பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேரும்வரை அக்காள் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் ஜன்னலைச் சாத்தினாள்.